சாமி மேட்டில் நின்ற லோரி

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் நடந்தது இது. மலாக்கா டவுனில், காஜா பேராங்கில்தான் அப்போதும் குடியிருந்தேன், இப்போதும் இருக்கிறேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கடைக்குப் போனால் சாமானைக் கையால் காட்டி வாங்குகிற ஆள். வீட்டில் என் பங்குக்கும் சேர்த்து மனைவியே பேசிவிடுவாள். "வாயால சொல்லமாட்டீங்க, எழுதியாவது பத்திரிகைக்கு அனுப்புங்க" என்று அவள் விரட்டியதால் எழுதுகிறேன்.

அப்போது என்னிடம் ஒரு சின்ன லோரி இருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. பிக்கப் என்பார்கள். பிறக்கும்போது அது பெட்ரோல் வண்டி. எனக்கு முன்னால் வைத்திருந்த காய்கறி வியாபாரி, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு எங்கேயோ கிடைத்த பழைய டீசல் எஞ்சினைப் பூட்டியிருந்தார். சத்தம் பெரிதாக இருக்கும். இழுவை மட்டும் இருக்காது.

விடிந்ததும் ஆயர் குரோவைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போவேன். தோட்டத்துக் கடைக்குச் சாமான் இறக்கிவிட்டு, வாழைத்தார், மரவள்ளி, கீரை ஏற்றிக்கொண்டு டவுன் மார்க்கெட்டுக்குத் திரும்புவேன். அந்த வருஷத் தொடக்கத்திலிருந்து திரும்பி வரும்போது ஐந்து பெண் பிள்ளைகளும் லோரியில் வந்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்த பெண்கள் அதுவரை நேராகப் பால்மரம் வெட்டத்தான் போவார்கள். டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த முதல் ஐந்து பேர் இவர்கள். பஸ் தோட்டத்துக்குள் வராது. மேட்டைத் தாண்டிப் பெரிய சடக்குக்கு, தார் ரோட்டுக்கு, போனால்தான் பஸ். வயசுக்கு வந்த பிள்ளைகளை யாரோடு அனுப்புவது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யோசித்தபோது ஒரு தாய் சொன்னாராம்:

"அந்த லோரிக்காரத் தம்பிகூட அனுப்பலாம். அது வாயே தொறக்காது."

பேசத் தெரியாததற்கு எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

அப்படிச் சொன்ன தாய், தோட்டத்திலேயே பெரிய குரல்காரர். அந்தக் கடைசி மரத்தில் இருந்துகொண்டு இந்தக் கடைசி மரத்தில் இருப்பவரோடு பேசுவார். அவருடைய மகளும் அந்த ஐவரில் ஒருத்தி. அம்மாவின் குரல் இல்லை, ஆனால் நாக்கு அப்படியே வந்திருந்தது.

தோட்டத்தைவிட்டு வெளியே வர ஒரு செம்மண் மேடு ஏற வேண்டும். ஒரு பக்கம் வெட்டிய மண்சுவர், மறுபக்கம் மூங்கில் அடர்ந்த பள்ளம். மேட்டின் அடிவாரத்தில் ஒரு முனியாண்டி கோயில் இருந்தது. ஒரு வேலும் நாலு செங்கல்லும்தான் கோயில். எந்த வண்டியானாலும் அங்கே நிற்கும். ஓட்டுகிறவர் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கிளப்பி மேடு ஏறுவார். அதனாலேயே அதற்குச் சாமி மேடு என்று பெயர்.

என் லோரிக்குத்தான் அது ஏறவில்லை. வாழைத்தாரும் ஐந்து பிள்ளைகளும் சேர்ந்தால் பாதி மேட்டில் முனகி நின்றுவிடும். பிள்ளைகள் இறங்கி நடப்பார்கள். மழை நாளில் வெள்ளைச் சீருடையின் ஓரமெல்லாம் செம்மண். பள்ளிக்குப் போய்ச் சேரும்போது மணி அடித்திருக்கும்.

"அண்ணே, உங்க லோரி எங்களக் கூட்டிட்டுப் போவுதா, நாங்க உங்க லோரியக் கூட்டிட்டுப் போறமா?" என்பாள் அந்த வாயாடி. மற்ற நாலு பேரும் புத்தகப் பையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. இனியும் நேரம் தவறினால் அந்த இடங்களை வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். செய்தி லயத்துக்குப் போனது. வாயாடியின் அப்பா என் காதுபடவே சொன்னார்: "லோரியே ஏறல, இவளுக்குப் படிப்பு எங்க ஏறப்போவுது? கத்தியக் குடுத்து மரத்துக்கு அனுப்பு."

அவள் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. என் லோரியால் ஒரு பெண்ணின் படிப்பு நிற்கக்கூடாது என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

கோப்பிக்கடையில் மணல் லோரி ஓட்டும் ஒருவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் உடனே ஸ்குரு டிரைவரோடு எழுந்துவந்தார். டீசல் அனுப்பும் பம்பில் ஈய முத்திரை போட்ட ஒரு ஸ்குரு இருக்கிறது. முத்திரையை உடைத்து அதைத் திருகினால் எஞ்சினுக்கு எண்ணெய் கூடுதலாகப் போகும். "புகை வந்தாத்தான் சக்தி" என்று சொல்லி ஒரு திருகு திருகினார். லோரி குதிரை மாதிரி பாய்ந்தது. புகையும் வந்தது. ஓட்டலின் அடுப்புப் புகைபோக்கி போலக் கறுப்பாக வந்தது. பிள்ளைகளின் சட்டையில் இப்போது செம்மண் போய்க் கரி. சில நாளில் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. சுமை கூடினால் மேட்டில் பழையபடி மூச்சு வாங்கியது.

மறுபடியும் அவரிடமே போனேன். அவர் சொன்னார்: "நீ ஏன் சாமிகிட்ட நிக்கிற? நின்னுட்டு ஏறினா எந்த லோரி ஏறும்? கீழேர்ந்து ஓட்டம் எடுத்து வா. ஹார்ன் அடிச்சிட்டுப் போ, சாமி கோவிச்சுக்காது."

எனக்கு அது சரியாகப் பட்டது. தவணை விடுமுறைக்கு முன் கடைசி நாள். கோயிலருகே நிற்காமல், ஹார்னை மட்டும் அடித்துவிட்டு, மூன்றாம் கியரில் மேட்டைப் பிடித்தேன். பாதி வரைக்கும் பறந்தது. "அண்ணே, இன்னிக்கு லோரி காப்பி குடிச்சிருக்கு!" என்று பின்னாலிருந்து சத்தம் கேட்டது. பாதிக்கு மேல் வேகம் செத்தது. இரண்டாம் கியருக்கு மாற்ற இழுத்தேன். கியர் விழவில்லை. பற்கள் கறகறவென்று கத்தின. அதற்குள் லோரி நின்று, பின்னால் நகர ஆரம்பித்துவிட்டது.

பிரேக்கை மிதித்தேன். கால் அடிவரை போனது, லோரி நிற்கவில்லை. கை பிரேக்கை இழுத்தேன், அதுவும் பிடிக்கவில்லை. பின்னால் ஐந்து பிள்ளைகள். ஒரு பக்கம் பள்ளம். எப்படித் திருப்பினேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. பின்பக்கம் மண்சுவரில் மோதி லோரி நின்றது. வாழைத்தார்கள் சரிந்து பிள்ளைகள் மேல் விழுந்தன. ஒரு பெண்ணுக்கு நெற்றி வீங்கியது. வேறொன்றும் ஆகவில்லை. இறங்கி ஐந்து பேரையும் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் லயமே என்னைச் சுற்றி நின்றது. குரல்கார அம்மா முன்னால் வந்தார்.

"சாமிக்கு ஹார்ன் அடிச்சியாமே தம்பி? உன் மாமியாருக்கும் அப்படித்தான் அடிச்சிட்டுப் போவியா?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "புள்ளைங்க இனிமே உன் லோரில ஏறாது" என்றார். அவர் மகள் வாசற்படியில் ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோரியை விற்றுவிடலாம் என்று மனைவி சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. பள்ளி திறப்பதற்குள் இதே லோரி, இதே மேட்டில், இதே பிள்ளைகளோடு ஏற வேண்டும். வீட்டில் நான் அழுத்திப் பேசிய சில பேச்சுகளில் அது ஒன்று.

எங்கள் தெருக்கோடியில், மலாக்கா செட்டிகளின் கம்பத்தில் ஒருவர் இருந்தார். பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழர்களின் குடியிருப்பு அது. ஆற்றில் வரும் மரக்கலங்களின் டீசல் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். அவருக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் 'தம்பி' ஒன்று. நான் அவரை அபாங் என்பேன், மலாயில் அண்ணன். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். தன்னைப்போல் எஞ்சின் பார்க்கிறவன் சிங்கப்பூர் வரைக்கும் இல்லை என்று தானே சொல்லிக்கொள்வார். அதனாலேயே இத்தனை நாள் அவர் வீட்டுப் பக்கம் போகப் பயந்தேன்.

கடைசியில் துணிந்து, அவர் வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் லோரியை நிறுத்தினேன். எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தவர், உடைந்த முத்திரையைத் தொட்டுக் காட்டி, "எந்தக் கழுதை திருகியது?" என்று கேட்டார். நடந்ததை எல்லாம் விட்டு விட்டுச் சொன்னேன். ஹார்ன் அடித்த இடம் வந்ததும் மரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"தம்பி, கீழே நின்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் முதல் கியரில் கிளம்புவாய். முதல் கியரிலேயே உச்சிவரை போய்விடலாம், நடுவில் கியர் மாற்ற வேலையே இல்லை. ஓடி வந்தால்தான் நடுமேட்டில் மாற்ற வேண்டும், அங்கேதான் சாவு. டத்தோவுக்கு லோரி ஓட்டத் தெரிந்திருக்கிறது, உனக்குத்தான் தெரியவில்லை."

முனியாண்டியைத்தான் அவர் டத்தோ என்றார்.

லோரி அங்கேயே நிற்க, மறுநாளிலிருந்து மார்க்கெட்டில் கூலிக்கு மூட்டை தூக்கிவிட்டு நேராக அங்கே போய்விடுவேன். முதலில் அவர் கை வைத்தது எஞ்சினில் இல்லை, சக்கரத்தில். நான் சக்தி கேட்டு வந்திருக்கிறேன், இவர் பிரேக்கைக் கழற்றுகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "அபாங், எஞ்சின்..." என்று இழுத்தேன்.

"சபார், தம்பி, பொறு. இருதயத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கால் பெட்ரோல் வண்டியின் கால், நுரையீரலும் பெட்ரோல் வண்டியுடையது. நிற்கத் தெரியாததற்கு ஓட எதற்குச் சக்தி?"

பிரேக்குக்குள் எண்ணெய் கசிந்து, பிடிக்கும் பட்டைகள் வழுக்கிப் போயிருந்தன. எல்லாம் மாற்றினோம். கை பிரேக்குக்குப் புதுக் கம்பி. அப்புறம் காற்று வடிகட்டியைத் திறந்தார். உள்ளே சாமி மேட்டின் செம்மண் பாதி இருந்தது. டீசலைத் தெளிக்கும் மூக்குகளைக் கழற்றிக் கை பம்பில் மாட்டிக் காட்டினார். பனி மாதிரி தெளிக்க வேண்டியதில் ஒன்று, குழாய் ஒழுகுவது போலச் சொட்டியது. அந்த எண்ணெய் எரியாமல்தான் கரிப்புகையாகப் போயிருக்கிறது. நசுங்கிய புகைக்குழாய்க்குப் பதில் அகலமானது போட்டோம். உடைத்துப் போட்ட ஒரு பஸ்ஸிலிருந்து பெரிய ரேடியேட்டர் கிடைத்தது. அது உள்ளே அடங்கவில்லை. முன்சட்டத்தை அறுத்துப் பொருத்தினோம். மூடி முழுதாக மூடாமல் போனதால் கம்பி போட்டுக் கட்டினோம்.

பழைய இரும்புக் கடையில் பின் அச்சுக்கு வேறு பற்சக்கரம் தேடிப் பிடித்தார். "இதைப் போட்டால் இழுவை கூடும், வேகம் குறையும். சமதரையில் சைக்கிள்காரன் உன்னைத் தாண்டிப் போவான். சம்மதமா?" என்றார்.

"விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறேன்" என்றேன்.

எல்லாம் முடிந்த பிறகுதான் பம்பு ஸ்குருவுக்கு வந்தார். மணல் லோரிக்காரர் திருகியதை முழுதும் பின்னால் திருப்பி, அதற்கப்புறம் துளித் துளியாக முன்னால் கொண்டுவந்தார். புகை லேசாகத் தெரிய ஆரம்பித்ததும் கொஞ்சம் குறைத்து நிறுத்தினார்.

மணல் மூட்டை ஏற்றிப் புக்கிட் காதில் பக்கம் ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஏறியது, ஆனால் உச்சியில் தண்ணீர் கொதித்துவிட்டது. நான் சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் ரேடியேட்டரைப் பார்த்து மலாயில் திட்டித் தீர்த்துவிட்டு, மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, விசிறியைச் சுற்றி ஒரு கூடு செய்யலாம் என்றார். காற்று பக்கவாட்டில் சிதறாமல் ரேடியேட்டர் வழியாகவே வரும் என்பது கணக்கு. வெட்டிப் பொருத்தி, மறுபடியும் ஏறினோம். கொதித்தது. கூட்டை இன்னும் நெருக்கமாக வளைத்தோம். அதற்கடுத்த முறை கொதிக்கவில்லை. இன்னும் மூட்டை ஏற்றினோம், அப்போதும் கொதிக்கவில்லை.

அவர் பம்புக்குப் புது ஈய முத்திரை போட்டு அமுக்கினார். "இதை உடைத்தால் என் வாசலில் கால் வைக்காதே" என்றார்.

பள்ளி திறக்கும் நாள். விடியும்போது மழை. தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, அதனால் பெண்கள் எல்லாரும் லயத்து வாசலிலேயே இருந்தார்கள். என் லோரியைப் பார்த்ததும் ஒருவர், "ஏன் இதுக்கு மூஞ்சி வீங்கியிருக்கு? பல்வலியா?" என்றார். சிரிப்பு பரவியது. நான் இறங்கி, குரல்கார அம்மாவிடம் போய், பழகிய வாக்கியத்தைச் சொன்னேன்.

"அக்கா, பிரேக்கெல்லாம் புதுசு."

அதில் இன்னும் நிறையச் சொற்கள் இருந்தன. மறந்துவிட்டன.

அவர் லோரியைச் சுற்றி வந்தார். சக்கரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி, "ஏய், எல்லாரும் ஏறுங்க. உருண்டா நாம உருளுவோம், புள்ளைங்க வேணாம்" என்றார். வேலையில்லாத பெண்கள் அத்தனை பேரும் குடையோடும் சாக்கோடும் ஏறிவிட்டார்கள். பின்பக்கம் அமுங்கி லோரி மூக்கைத் தூக்கியது. ஐந்து பிள்ளைகளைவிட எத்தனையோ பாரம். பிள்ளைகளை எங்கும் காணவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

சாமி முன் நிறுத்தினேன். இறங்கிக் கும்பிட்டேன். ஒரு பெண் முன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். முதல் கியரில் கிளப்பினேன். செம்மண் சொதசொதவென்று இருந்தது. லோரி நடந்து போகிறவன் வேகத்தில், நிற்காமல் ஏறியது. பின்னால் ஒரே பேச்சு. மண்சுவரில் அன்று மோதிய தழும்பு தெரிந்தது. அப்போது கூரையில் தட்டும் சத்தம்.

"நிறுத்து!"

நான் திகைத்தேன். ஏறிக்கொண்டிருக்கிற லோரியை யாராவது நிறுத்தச் சொல்வார்களா?

"இங்கதான உருண்டுச்சு? இங்கயே நிறுத்து!"

பிரேக்கை மிதித்தேன். கை பிரேக்கை இழுத்தேன். லோரி நின்றது. பின்னால் பேச்சும் நின்றது. மூங்கிலில் மழை சொட்டுவது மட்டும் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால், அந்த அம்மா இறங்கி நேராக லோரிக்குப் பின்னால் போய், சக்கரத்துக்கு எதிரில் நிற்கிறார். நகருகிறதா என்று குனிந்து பார்க்கிறார். எனக்கு அன்றைய நாள் கண்முன் வந்தது. ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்:

"பின்னால நிக்காதீங்க! மொதல்ல மேல ஏறுங்க, ஏறுங்கன்னா!"

ஒருவரை நான் அதட்டியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பிறகு லோரியே குலுங்கும்படி சிரிப்பு.

"ஏ, ஊமைக்கு வாய் வந்துருச்சு!"

"எஞ்சினோட சேத்து இதையும் மாத்திட்டாங்கடி!"

அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே ஏறினார். கூரையில் இரண்டு தட்டு. "இப்ப எடு."

கிளட்சிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தேன். எஞ்சின் தாழ்ந்து உறுமியது. கை பிரேக்கை விட்டேன். ஒரு விரல்கடை கூடப் பின்னால் போகவில்லை. அப்படியே முன்னால் நகர்ந்து, தயங்காமல், உச்சி வரை போனது. திரும்பிப் பார்த்தேன். புகை லேசான சாம்பல் நிறத்தில் மழையில் கரைந்துகொண்டிருந்தது. தண்ணீரும் கொதிக்கவில்லை.

உச்சியில் ஒரு மரத்தடியில், குடைகளுக்குள், வெள்ளைச் சீருடையோடு ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். விடியும் முன்பே நடந்து ஏறி வந்திருக்கிறார்கள்.

"இங்க என்னாடி பண்றீங்க?" என்று தாய் அதட்டினார்.

"லோரி ஏறும்னு தெரியும்மா" என்றாள் வாயாடி. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஏறலேன்னா பஸ்ஸுக்கு நடந்தே போயிருப்போம்ணே. எப்படியும் இன்னிக்குப் பள்ளிக்கூடம்."

தாய் தன் முந்தானையால் அவள் காலில் இருந்த செம்மண்ணைத் துடைத்துவிட்டு, லோரியில் ஏற்றிவிட்டார். பெண்கள் எல்லாரும் பேசிக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கி நடந்து போனார்கள். சமதரையில் சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்தான். ஆனாலும் மணி அடிப்பதற்கு முன்னால் பள்ளி வாசலில் இருந்தோம்.

அந்த லோரி அதற்குப் பிறகு பல வருஷம் ஓடியது. முத்திரையை யாரும் தொடவில்லை. ஐந்து பேரும் படித்து முடித்தார்கள். இப்போது நான் ஓட்டுவது வேறு லோரி, நல்ல சக்தி உள்ளது, எந்த மேடும் அதற்கு மேடு இல்லை. ஆனாலும் வீடு கட்ட இறங்கியபோதும், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும், நன்றாக ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் என் தலைக்கு மேல் அந்த அம்மா தட்டி "இங்கயே நிறுத்து" என்று சொல்வது கேட்டது. நின்று, பின்னால் உருளவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் இன்றும் நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறேன்.